எலுமிச்சம்பழமா, பாலா?

வேறு மாநிலத்து வண்டியை இங்கே மாற்றுப் பதிவு செய்யும் படிவத்தில் ‘பாடியின் வகை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தக் காலத்து ஏஜெண்டுகளான நீங்கள் எல்லாரும் மூச்சுவிடும் நேரத்தில் அதை நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். போன மாதம் உங்கள் ஆபீசில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய இரண்டு சொல்லால், வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும் கொடைக்கானல் குளிரில் கூரையில்லாமல் நிற்க இருந்தார்கள்.

நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. வண்டிப் பேப்பர் வேலையை எனக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று, முன்னால் நிற்பவனை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டே கற்றுக்கொண்டேன். ஒரு டைப்பிங் கடையின் ஓரத்தில் மேசை போட்டிருந்தேன். வருகிறவர்கள் நல்லதாக ஏதாவது சொன்னால், பாழாய்ப்போன படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துவைப்பேன். அந்தக் கட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அதிகமான தாள்கள் ரோசம்மாவுடையவை.

ரோசம்மாவின் புருஷன் தேவசகாயம், ஒரு பள்ளி விடுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் சமையல்காரர். வெள்ளைக்கார ஆசிரியர்கள் காலத்திலிருந்தே அவர் கை ரொட்டிக்குப் பேர். பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அந்தம்மா பேசிவிடும். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள்.

“தம்பி, இவுகளுக்கு இந்த மாசக் கடைசியோட சர்வீஸ் முடியுது. குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். அடுத்த குக்கு ஏற்கெனவே வந்து ஜன்னல எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு” என்றார் ரோசம்மா.

“வீடு பாத்துட்டீங்களாக்கா?”

“பாத்துட்டோம். மூணாறுல நிக்குது.”

“மூணாறுக்கா குடிபோறீங்க?”

“அது இங்க வரும் தம்பி. அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்திருக்கோம்.”

விஷயம் இதுதான். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மேனேஜர் விடுமுறைக்குக் கொடைக்கானல் வரும்போதெல்லாம் தேவசகாயத்தின் சமையலைச் சாப்பிட்டவர். அவரிடம் ஒரு பழைய சின்ன லாரி இருந்தது. எங்கேயோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து, ஃபாக்டரித் தச்சரை வைத்து அதன் பின்னால் மரமும் அலுமினியத் தகடுமாக ஒரு வீடு கட்டி ஏற்றியிருந்தார். டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை, மடக்கு மேசை, ஸ்டவ் வைக்கத் தகரம் அடித்த ஒரு மூலை, இரண்டு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு. இப்போது கேம்பர் என்கிறார்கள். அந்த மேனேஜர் ஊரைவிட்டுப் போகிறவர், தேவசகாயத்துக்கு அதை விலை மலிவாகக் கொடுத்துவிட்டார். வண்டியிலேயே குடியிருப்பது, மேல்மலை ஊர்களுக்குப் போய் ரொட்டி, கேக் விற்பது என்று இவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கையில் இருந்ததெல்லாம் அதில் போய்விட்டது. வேறு வீடு பார்க்க மிச்சமில்லை.

“யாரு வீட்டுலயாவது ஒரு மூலையில எடம் குடுத்தாலும் போதும்னு இவுக சொல்லுவாக. எனக்கு அப்படியில்ல தம்பி. கல்யாணம் ஆன நாள்லருந்து ஸ்கூல் கதவுதான். அவுக பூட்டுவாக, அவுக தொறப்பாக. எனக்குன்னு ஒரு கதவு வேணும். நான் பூட்டணும், நான் தொறக்கணும்.”

இதை அன்றைக்கே குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டேனே தவிர, அதன் அர்த்தம் என் தலையில் ஏறவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு கேரள வண்டி, ஒரு தடையில்லாச் சான்று, ஒரு மாற்றுப் பதிவு. அவ்வளவுதான்.

மூன்று பேரும் மூணாறு போனோம். கேரளத்து ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த நேரமெல்லாம் எஸ்டேட் டிரைவர், அவரும் நம்ம தமிழ் ஆள்தான், ரோசம்மாவுக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பேப்பரோடு திரும்பி வரும்போது அவர் ஏதோ திங்கட்கிழமை, உரமூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. உரமூட்டை நமக்கு எதற்கு என்று, “வெரசாக் கெளம்புவோம்க்கா” என்றேன்.

கிளம்பும்போது ஒரு சின்ன வழக்கு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பேரிஜம் வழியாக அப்போது காட்டுப் பாதை உண்டு. அதில் வந்தால் அன்றைக்குச் சாயங்காலமே கொடைக்கானல். போடிமெட்டு இறங்கி, தேனி போய், வத்தலக்குண்டு வழியாக மறுபடி மலையேறினால் சுற்றோ சுற்று.

“காட்டு வழியிலயே போயிருவோமே தம்பி. யாரும் கேக்கமாட்டாக” என்றார் தேவசகாயம். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

“யாரும் கேக்கமாட்டாங்க அண்ணே. அதுதான் பிரச்சனை. நாளைக்கு ஒருத்தர், இந்த வண்டி எப்ப எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. அப்பக் காட்டுறதுக்கு நம்ம கையில ஒரு சீல் இருக்கணும்.”

தேவசகாயமே ஓட்டினார். போடிமெட்டு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, பதிவேட்டில் எழுதவைத்து, சீல் வாங்கிக்கொண்டே வந்தோம். அந்த முடிவு சரி. வாசல் வழியாக வந்த வண்டிக்கு எப்போதும் ஒரு சாட்சி இருக்கும். ஆனால் அதைச் சரியாகச் செய்துவிட்ட தெம்புதான் அடுத்த தப்புக்குக் காரணம். ‘நமக்கு எல்லாம் தெரியும்’ என்ற நினைப்போடு ஊர் வந்து சேர்ந்தேன்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

பாடியின் வகை. என்ன எழுதுவது? வீடு என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். அதற்கு முன்னால் அப்படி ஒரு வண்டியை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் வீட்டு விவகாரம் பார்க்கிற டவுன்ஷிப் ஆபீசில் வாய்ப்பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். “சக்கரம் இருக்குல்ல? அப்ப எங்க சோலி இல்ல, ஆர்.டி.ஓ.கிட்டப் போங்க” என்றார் அங்கே இருந்தவர். கீழே ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிந்த கிளார்க்கிடம் கேட்டேன். “அடுப்பு இருக்குங்கிறீங்க, அப்ப வீடு. வீட்டுக்கு நான் எப்படி நம்பர் குடுக்க?” என்று சிரித்தார். அதனால் நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். கேரளத்துப் பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே, ‘மூடிய பாடி’ என்று எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று பாடியை மாற்றியதற்கான மனுவும் சேர்த்து, உபயோகம் என்ற இடத்தில் ‘காய்கறி ஏற்ற’ என்று போட்டேன். பூண்டும் காரட்டும் முட்டைக்கோசும் இறங்குகிற மலையில், காய்கறி என்றால் எவரும் இரண்டாவது தடவை பார்க்கமாட்டார்.

தேவசகாயத்திடம் ஏற்கெனவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவைத்திருந்தேன். என்ன எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ‘அவருக்கு எதுக்கு இந்தத் தலைவலி’ என்று விட்டுவிட்டேன். இதில் எது பெரிய தப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு நெடுநாள் வரை காய்கறிதான் பெரிய தப்பாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அந்த நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் மாதத்துக்கு இரண்டு நாள் மலைக்கு மேலே கேம்ப் வருவார். வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவோம். அந்த மாதத்தின் இரண்டாவது கேம்ப், தேவசகாயம் குவார்ட்டர்ஸை விட வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முந்தி வந்தது. அன்றைக்கு வேலை முடியாவிட்டால் அடுத்த கேம்ப் வரை பேப்பர் இல்லாத வண்டி. பேப்பர் இல்லாத வண்டியைச் சாலையில் நிறுத்தினாலே கேட்பார்கள், அதில் எப்படிக் குடியிருப்பது?

காலையில் வண்டி வந்தது. மைதானத்து வாசலில் நிறுத்தி, நான் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்து, ஓர் அடி முன்னால் உருட்டச் சொன்னேன். சாமிக்காகத்தான். கூடவே, பார்க்கிறவர் கண்ணுக்கு இது வண்டி என்று உறைக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

அந்த ஆய்வாளரின் பெயரை எழுதப்போவதில்லை. ஒல்லியான மனிதர். சத்தம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். யார் வீட்டுக் காப்பியும் குடிக்கமாட்டார். பிளாஸ்கில் கொண்டுவந்ததையே குடிப்பார். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பயந்தோம், அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னவனும் இல்லை.

என் படிவத்தைப் படித்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பின்கதவைத் திறக்கச் சொன்னார்.

திறந்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஸ்டவ்வின் மேல் புதுப் பாத்திரம். பால் பொங்கி வழிந்து, தகரத்தில் காய்ந்து தீய்ந்த வாடை. பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொத்து இல்லை, அதற்குப் பதில் ஒரு ஜெபமாலை. கதவின் மேல்சட்டத்தில் சாக்பீஸால் போட்ட சிலுவை. மேசை மேல் ஒரு மாதா படம், பக்கத்தில் ஒரு டம்ளரில் டேலியாப் பூ. ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை. பங்குச் சாமியார் அன்றைக்கு மலையைவிட்டு இறங்குவதாக இருந்ததால், வெள்ளனே அவரைக் கூட்டிவந்து மந்திரித்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார்கள்.

ஆய்வாளர் உள்ளே தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பி என் படிவத்தைப் பார்த்தார்.

“காய்கறி” என்றார்.

“ஆமா சார். புது வண்டி பாருங்க, அதான் பால் காய்ச்சி…”

“வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பாங்க. பால் காய்ச்சுறது வீட்டுக்கு.” குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தார். “கீழ எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடக்கு. மேல பால் பொங்கிக் கெடக்கு. இதுல நான் எதப் பாக்க வந்திருக்கேன்?”

என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. டிரைவர் காலையில் டீ போட்டான் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் தேவசகாயத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க சார்.”

“இந்த வண்டியில என்ன ஏத்தப் போறீங்க?”

தேவசகாயம் யோசித்தார். பிறகு, கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். “என்னையும் ரோசம்மாவையும் சார்.”

சுற்றி நின்ற டாக்சி டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

“இவரு காய்கறின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. பொய்த் தகவல் இவரு பேர்ல நிக்குது, உங்க பேர்ல இல்ல. தெரியுமா ஏஜெண்டு?” என்றார் என்னிடம். “மனுவை நீங்களே திருப்பி வாங்கிக்கிறீங்களா, நான் தள்ளுபடின்னு எழுதட்டுமா? மத்த வண்டியப் பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள சொல்லுங்க.”

வரிசையில் ஆறு வண்டி மிச்சம் இருந்தது. எப்படியும் முக்கால் மணி நேரம். திருப்பி வாங்கினால் வண்டி இன்றைக்குப் பதிவாகாது. தள்ளுபடி என்றால் அந்தச் சொல் தேவசகாயத்தின் பெயரோடு கோப்பில் ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்த தடவை யார் எடுத்துப் பார்த்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

நான் செய்த முதல் காரியம், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரோசம்மாவிடம் கோபித்துக்கொண்டேன்.

“இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதாக்கா? இன்னைக்கா பால் காய்ச்சணும்?”

“பால் காய்ச்சாம எப்படித் தம்பி குடிபோறது?”

“அவர்கிட்ட நான் காய்கறி வண்டின்னு எழுதியிருக்கேன்!”

“அத எங்ககிட்ட எப்பச் சொன்னீங்க?”

நான் கையிலிருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

“சொல்லியிருந்தா ரெண்டு முட்டக்கோசாவது உருட்டி விட்டுருப்பேன்ல?” என்றார். கேலிதான், ஆனால் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் தேவசகாயம் கையெழுத்துப் போட்ட தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டோர் ரூம் சாவி முப்பது வருஷம் என்கிட்ட இருந்துச்சு. ஒரு கிலோ சீனிக்குக்கூட நான் தப்பா எழுதினதில்ல தம்பி” என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரோசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மூணாறுல இத என்னன்னு எழுதியிருந்தாக?”

“எத?”

“இந்த வண்டியத்தான். அந்தத் தொர எத்தன வருஷம் ஓட்டியிருக்காரு. அவருகிட்டயும் யாராவது கேட்டிருப்பாகள்ல?”

கேரளத்துப் பதிவுப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. மூணாறிலிருந்து அதைச் சுமந்து வந்தவன் நான். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பெயர் எல்லாம் பார்த்திருந்தேன். அந்த ஒரு கட்டத்தைப் படிக்கவில்லை, ஏனென்றால் பதில் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். இப்போது பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு கிளார்க் நீல மையில் அழகாக எழுதியிருந்தார்: ஓப்பன்.

திறந்த பாடி. மூடிய வீட்டை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிற வண்டி, புத்தகத்தில் திறந்த வண்டி.

“இது எப்படி?” என்று நான் முனகினேன்.

“அதைத்தான அந்த டிரைவர் அன்னைக்குச் சொன்னாரு. நீங்கதான் வெரசா வெரசான்னு பறந்தீங்க” என்றார் ரோசம்மா. “சனிக்கெழம பொட்டிய ஏத்துவாகளாம். தொர மீன் புடிக்கப் போவாராம். திங்கக்கெழம எறக்கி வச்சுட்டு உரமூட்டை ஏத்தப் போயிருவாகளாம். அதுக்குத்தான இந்த நாலு காலு.”

பெட்டியின் நான்கு மூலையிலும் இரும்புக் கால்கள் மடங்கியிருந்தன. மேடுபள்ளத்தில் நிறுத்தும்போது ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் கால் என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் திருகு ஜாக்கி இருந்தது. பெட்டி லாரியோடு சேர்ந்ததே இல்லை. நான்கு சங்கிலியில் கட்டிய சாமான் அது. லோடு.

லாரி புத்தகத்தில் உள்ளபடி திறந்த பாடிதான், மாற்ற மனுவே தேவையில்லை என்பது இதைப் படிக்கிற உங்களுக்குச் சுலபமாக இருக்கும். அங்கே நிற்கும்போது அப்படி இல்லை. நான் போய் ஆய்வாளரிடம், ‘சார், இது லோடு’ என்று சொல்லியிருக்கலாம். காய்கறி என்று எழுதின வாய் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? பொய் சொல்லிப் பிடிபட்ட பிறகு உண்மையைச் சொல்லிப் பயனில்லை. காட்டத்தான் வேண்டும்.

“எறக்கிருவோம் அண்ணே” என்றேன்.

தேவசகாயம் சட்டைக் கையை மடித்துவிட்டார். டாக்சி டிரைவர்கள் நாலைந்து பேர் சொல்லாமலேயே வந்துவிட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு முந்தி சிரித்தவர்கள்தான். மூலைக்கு ஒருவராக நின்று காலை இறக்கி ஜாக்கியைத் திருகினார்கள்.

“ஏலே, ஒரே மாதிரி திருகுங்கடா. ஒன் பக்கம் மட்டும் பூசணிக்கா மாதிரி தூக்குது.”

“எனக்கு முன்னாடி நீ ஆரம்பிச்சுட்டு என்னையச் சொல்றியா?”

“அக்கா, நீங்க எறங்குங்கக்கா.”

“நான் எறங்கினா பால யாரு புடிக்கிறது? அது சாமியார் மந்திரிச்ச பாலு. நீங்க திருகுங்கப்பா.”

ரோசம்மா உள்ளே பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பின் இடது கால் கடைசிச் சுற்றில் இறுகிவிட்டது. வீடு ஒரு பக்கம் சாய்ந்து, டம்ளரில் இருந்த டேலியா உருண்டு வந்து வெளியே விழுந்தது. தேவசகாயம் ஓடிப்போய் உள்ளே இருந்து தன் ரொட்டிப் பலகையை எடுத்துவந்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். நிமிர்ந்தது. சங்கிலிகளை அவிழ்த்தோம். டிரைவர் ஒருவர் ஏறி வண்டியை மெல்ல முன்னே எடுத்தார்.

லாரி வெளியே வந்துவிட்டது. வெறும் லாரி, திறந்த பாடி, தளத்தில் பழைய உரத்தின் வெள்ளைக் கறை. அதற்குப் பின்னால், மைதானத்தின் நடுவில், நான்கு இரும்புக் காலில் ஒரு வீடு தனியாக நின்றது. அதன் வாசலில் பால் பாத்திரத்தோடு ரோசம்மா. ஏரிப் பக்கமிருந்து மஞ்சுமூட்டம் ஏறிவர ஆரம்பித்திருந்தது.

ஆய்வாளர் ஆறாவது வண்டியை முடித்துவிட்டு வந்தார். நான் மூன்று தாளை நீட்டினேன். பாடி மாற்ற மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று தேவசகாயம் தன் கையால் எழுதிய கடிதம். கேரளப் புத்தகம், அந்தக் கட்டத்தில் என் விரல். புதிதாக எழுதிய மாற்றுப் பதிவுப் படிவம். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டத்தையும் தேவசகாயத்துக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.

ஆய்வாளர் மூன்றையும் வாசித்தார். போடிமெட்டு சீலைப் பார்த்தார். லாரிக்கு அடியில் குனிந்து சேஸிஸ் நம்பரைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு மைதானத்து நடுவில் நின்றதைப் பேனாவால் சுட்டிக்காட்டினார்.

“அது யாருது?”

“என்னோடது சார். லோடு” என்றார் தேவசகாயம்.

“ஓடும்போது லோடுக்குள்ள ஆள் இருக்கக் கூடாது. முன்னாடி சீட்டுலதான் உக்காரணும். நின்னுக்கிட்டிருக்கிற லோடுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாக்குறது என் வேலை இல்ல.” பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அப்புறம், யாரும் எதிர்பார்க்காதபடி, அந்த வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். “அந்தப் பால் இன்னும் இருக்கா, இல்ல முழுக்கப் பொங்கிருச்சா?”

ரோசம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்தார். என் பக்கத்தில் இருந்த ஒரு பழைய டிரைவர் என் காதில், “கையெழுத்துக்கு முன்னாடி பச்சத்தண்ணி வாங்கமாட்டாரு. அதுக்கு அப்புறம் வாங்கினா அது பாலு மட்டுந்தான்” என்றார். இதுவும் என் கட்டில் இருக்கிறது.

போகும்போது ஆய்வாளர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் இதை உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கான் ஏஜெண்டு. அவன் மலையாளத்துக்காரனா இருந்தாலும் படிங்க.” அதற்குப் பிறகு நான் வேலை செய்த காலமெல்லாம், வெற்றுப் படிவத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. வாசித்துக் காட்டினால் நேரம் ஆகும். வாடிக்கைக்காரர் நடுவில் நிறுத்தி ஆயிரம் கதை சொல்வார். அந்தக் கதையில்தான் உரமூட்டை இருக்கும்.

நான்கு நாள் கழித்துக் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்தில் பூண்டு போடுகிற ஒரு குடும்பம் வாரத்தில் சில நாள் தங்கள் தோட்டத்தோரம் நிறுத்திக்கொள்ள விட்டது. மற்ற நாளில் மேல்மலை. கடைசி ஊரான கிளாவரை வரைக்கும் போய் ரொட்டி விற்றார்கள். வண்டி கிளம்பும் நேரமெல்லாம் ரோசம்மா பின்னாலிருந்து இறங்கி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்சீட்டில் ஏறுவார். ஒருநாள்கூட அதை மாற்றியதில்லை. “வீட்டப் பூட்டிட்டு வீட்டோடயே ஊருக்குப் போற பொம்பள நான் ஒருத்திதான்” என்பார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்தார். கையில் புது ரேஷன் கார்டு.

“இத வாசிங்க தம்பி. நீங்க நல்லா வாசிச்சுப் பாக்குற ஆளாச்சே.”

வாசித்தேன். குடும்பத் தலைவர், தேவசகாயம். உறுப்பினர், ரோசம்மா. கதவு எண் என்ற இடத்தில், விசாரிக்க வந்தவர் வேறு எதையும் காணாமல், லாரியின் நம்பர் பிளேட்டில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார். அந்த நம்பருக்காக நான் எழுதிய தப்பும், திருகிய ஜாக்கியும், சிந்திய பாலும் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருந்தன.

“கதவுக்கு நம்பரே வந்திருச்சேக்கா” என்றேன்.

“வந்திருச்சு” என்றார். அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். “தெருப் பேரு மட்டும் போடல தம்பி. அத நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். அது நெதமும் மாறும்ல?”